கடிகாரம் கண்டதும் அப்பா கேட்டதும்

எங்கள் வீட்டில் அதிகாலை நான்கு மணிக்கே நாள் தொடங்கிவிடும். அப்பா பேருந்து ஓட்டுநர். காலை முறை வரும் வாரங்களில் அந்நேரத்துக்கு எழுந்து, சத்தம் போடாமல் மைலோ கலக்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சென்ற ஆண்டு, நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்கியிருந்த பருவத்தில், அவர் சமையலறைக்கு வந்தபோதெல்லாம் என் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது.

“என்னம்மா, இன்னும் தூங்கலையா?”

“அசைன்மென்ட் இருக்குப்பா.”

உண்மையில் அசைன்மென்ட் எதுவும் இல்லை. கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டே இருந்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படிப்பு பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை, பிடித்திருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. நடனக் குழுப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். தோழிகளின் குறுஞ்செய்திகளுக்கு ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

இவை எதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் பிறந்தநாளுக்கு அக்கா வாங்கித் தந்த திறன்கடிகாரம் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9,000 அடி நடந்தவள் 2,500 அடிகூட நடக்கவில்லை. படுக்கும் நேரம் 12 மணியிலிருந்து 3 மணிக்கும், சில நாள்களில் 5 மணிக்கும் நகர்ந்தது. “எழுந்து நடக்கும் நேரம்!” என்று அது மணிக்கொரு தடவை அதிர்ந்தது. எரிச்சலில் அந்த அறிவிப்பை அணைத்துவிட்டேன்.

என் மனநிலை மாறுவதை என் மணிக்கட்டு எனக்கு முன்பே பதிவு செய்துவிட்டதா? அப்படியானால், மனச்சோர்வை ஒரு கடிகாரத்தால் கண்டுபிடிக்க முடியுமா? புள்ளிவிவரவியல் மாணவி என்ற முறையிலும், அந்தக் கடிகாரத்தை அணிந்திருந்தவள் என்ற முறையிலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கடிகாரம் எதை அளக்கிறது?

திறன்கடிகாரத்துக்கு மனத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று, அசைவு. அதனுள் இருக்கும் மிகச் சிறிய முடுக்கமானி, கை எப்போது, எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் அசைகிறது என்பதைப் பதிவு செய்கிறது. மற்றொன்று, ஒளி. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை எல்இடி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் பாயும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அதைக் கொண்டு இதயத் துடிப்பு கணக்கிடப்படுகிறது. தூக்கம், ஓய்வு, உடற்பயிற்சி என்று திரையில் நாம் காணும் பெரும்பாலான எண்கள் இந்த இரண்டிலிருந்து ஊகிக்கப்படுபவை.

இவற்றுக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு? மனச்சோர்வு மனத்தோடு மட்டும் நிற்பதில்லை. தூக்கம் கெடுகிறது, அல்லது அளவுக்கு மீறித் தூக்கம் வருகிறது. உடல் அசைவு குறைகிறது. பகலில் விழித்திருந்து இரவில் ஓய்வெடுக்கும் உடலின் 24 மணி நேரத் தாளம் குலைகிறது.

இந்தத் தாளத்தைப் பெரிய அளவில் அளந்த ஆய்வு ஒன்று 2018ல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனில் மணிக்கட்டில் கருவி அணிந்த 91,000க்கும் மேற்பட்டோரின் அசைவுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். பகலில் அசைவு குறைந்தும் இரவில் அசைவு கூடியும் இருந்தவர்களிடம், வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு ஏற்பட்டிருப்பதற்கான வாய்ப்பு சற்றே கூடுதலாக இருந்தது. ‘சற்றே’ என்ற சொல் இங்கு முக்கியம். தாளம் குலைந்ததால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் தாளம் குலைந்ததா என்பதையும் இத்தகைய ஆய்வால் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் நடந்த ஆய்வு

நம் நாட்டிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்கப்பூரில் வேலை செய்யும் 290 பெரியவர்களை 14 நாள்களுக்கு ஃபிட்பிட் கருவியை அணியச் செய்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் பற்றிய கேள்வித்தாளும் தரப்பட்டது. கருவியின் எண்களும் கேள்வித்தாளின் மதிப்பெண்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதை இயந்திரக் கற்றல் முறையில் ஆராய்ந்து, 2021ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அறிகுறிகள் கூடுதலாக இருந்தவர்களிடம், பின்னிரவு 2 முதல் 4 மணி வரையிலும் 4 முதல் 6 மணி வரையிலும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தது. வார நாள்களில் அவர்கள் நடக்கும் நேரங்களில் ஒழுங்கு குறைவாக இருந்தது. அதிக அபாயத்தில் இருந்தவர்களையும் அறிகுறியே இல்லாதவர்களையும் பிரித்தறிவதில் அந்தக் கணினி மாதிரி 80 விழுக்காடு சரியாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பின்னிரவு நான்கு மணியும் கதவின் கீழ் வெளிச்சமும்தான் நினைவுக்கு வந்தன. ‘80 விழுக்காடா! அப்படியானால் எல்லாரும் கடிகாரம் அணிந்தால் போதுமே’ என்றுகூடத் தோன்றியது.

அப்படி நினைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐவரில் ஒருவர்கூட இல்லை

அந்த 80 விழுக்காட்டுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன. அபாயத்தில் இருப்பவர்களில் 82 விழுக்காட்டினரை அது சரியாகக் கண்டுகொண்டது. அறிகுறி இல்லாதவர்களில் 78 விழுக்காட்டினரை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது.

ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண். எல்லாருக்கும் கடிகாரம் கொடுக்கிறோம். 60 பேரில் 82 விழுக்காடு, அதாவது 49 பேரை அது கண்டுபிடிக்கும். 11 பேரைத் தவறவிடும். மீதமுள்ள 940 பேரில் 22 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 207 பேருக்கு, மனச்சோர்வு இல்லாமலேயே எச்சரிக்கை வரும். ஆக, எச்சரிக்கை பெறும் 256 பேரில் உண்மையிலேயே மனச்சோர்வு உள்ளவர்கள் 49 பேர்தான். ஐவரில் ஒருவர்கூட இல்லை!

ஆய்வில் தவறு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. அரிதாக இருக்கும் ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதோடு, அந்த 80 விழுக்காடு இரு முனைகளில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது கிடைத்தது. இடையில் இருப்பவர்களையும் சேர்த்து எல்லாரையும் கணக்கில் எடுத்தால் கணிப்பின் திறன் குறைவு என்பதை ஆய்வாளர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இளையர் பக்கத்தைப் படிக்கும் நீங்கள் அடுத்த முறை “செயற்கை நுண்ணறிவு 80 விழுக்காடு துல்லியம்” என்ற செய்தியைப் பார்த்தால், “யாரிடம், எத்தனை பேரில்?” என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவின் மணிக்கட்டில் கட்டினால்?

தவறான எச்சரிக்கை யாருக்கெல்லாம் வரக்கூடும் என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் அப்பாதான். ஒரு வாரம் காலை முறை, மறுவாரம் மாலை முறை. எழும் நேரமும் படுக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒழுங்கைத் தேடும் கணினிக்கு அவருடைய வாரம் கவலைக்குரியதாகத் தெரியலாம். ஆனால் அவர் சிரித்துப் பேசிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஈரச்சந்தையில் மீன் வாங்கி வந்து, நன்றாகத்தான் இருக்கிறார். நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்காகப் பின்னிரவில் எழும் என் முஸ்லிம் தோழிகளின் தூக்கமும் அப்படித்தான் மாறும். தேர்வுக் காலத்து மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மறுபக்கம், உண்மையான சிக்கலைக் கடிகாரம் தவறவிடுவதும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, அசையாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்த இரவுகள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கடிகாரம் ‘தூக்கம்’ என்று பதிவு செய்திருந்தது. அசைவைக் கொண்டு தூக்கத்தை ஊகிக்கும் கருவிகளுக்கு இது அறியப்பட்ட பலவீனம். தூங்குவதை அவை நன்றாகக் கண்டுகொள்ளும். அசையாமல் விழித்திருப்பதைக் கண்டுகொள்வதுதான் கடினம்.

நம்மைப் போன்ற கருத்த சருமம் உடையவர்களுக்கு இன்னொரு சந்தேகமும் வரும். தோலில் உள்ள மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சுமே, அப்போது துடிப்பு சரியாகத் தெரியுமா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பேரிடம் பல கருவிகளைச் சோதித்து 2020ல் முடிவை வெளியிட்டார்கள். தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. உடல் அசையும்போதுதான் பிழை கூடியது. ஆறுதலான முடிவுதான். இருந்தாலும், எந்தக் கருவியையும் பலவகைப்பட்ட மக்களிடம் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

சொல்லுக்குப் பதிலாக ஒரு வரைபடம்

இத்தனை குறைகள் இருக்கும்போது கடிகாரத்தால் எனக்கு என்ன பயன்? அதைச் சொல்ல அந்தப் பருவத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு பாடத்தின் திட்டப்பணிக்காகத் தரவு தேடிக்கொண்டிருந்தேன். நார்வே ஆய்வாளர்கள் 2018ல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட தொகுப்பு ஒன்று கிடைத்தது. மனச்சோர்வு இருந்த 23 பேரும் இல்லாத 32 பேரும் மணிக்கட்டில் அணிந்த கருவியின் நிமிடத்துக்கு நிமிடமான அசைவுப் பதிவுகள் அவை. அவற்றை வரைபடமாக்கினேன். சில வரைபடங்களில் பகல் தாழ்வாகவும் தட்டையாகவும் இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று என் கடிகாரத்தின் இரண்டு மாதத் தரவையும் வரைந்தேன். பருவத் தொடக்கத்தில் மலைத்தொடர் போலிருந்த கோடு, வாரம் செல்லச் செல்ல வற்றிக்கொண்டே போனது.

அதைக் கொண்டு எனக்கு மனச்சோர்வு என்று முடிவு கட்ட முடியாது. அது எனக்கே தெரியும். 55 பேரின் தரவோடு ஒருத்தியின் தரவை ஒப்பிட்டால் எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். ஆனால் நான் என்னோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே! ஆகஸ்ட் மாத நான் வேறு, அக்டோபர் மாத நான் வேறு. ‘சும்மா சோம்பேறித்தனம்’ என்று எனக்கு நானே சொல்லி வந்த சமாதானம் அந்தக் கோட்டின் முன் நிற்கவில்லை.

வீட்டில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? தமிழில் ‘மன அழுத்தம்’ என்று சொன்னால், “படிக்கிற பிள்ளைக்கு அழுத்தம் இருக்கத்தானே செய்யும்” என்ற பதில் வரும். தேர்வு நெருக்கடிக்கும் மனச்சோர்வுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகிறோம். ‘மனச்சோர்வு’ என்றால், “என்ன குறை வச்சோம்?” என்று அம்மா கலங்கிவிடுவார். நான் சொல்ல விரும்பியது இரண்டும் இல்லை.

மறுநாள் அதிகாலை அப்பா கேட்டபோது அசைன்மென்ட் என்று சொல்லவில்லை. கைப்பேசியில் அந்த வரைபடத்தைக் காட்டினேன். “இது நான் தூங்கின நேரம்ப்பா. இது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. இது இப்போ.”

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மைலோ ஆறிக்கொண்டிருந்தது.

“சரியாத் தூங்காத ஓட்டுநர் வண்டியத் தொடக் கூடாதும்மா. நீ ரெண்டு மாசமா ஓட்டிக்கிட்டு இருக்க” என்றார். பிறகு, “என்ன பண்ணுது உனக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் அழுதேன்.

ஒன்பது கேள்விகள்

அப்பாவின் ஓய்வுநாளில் இருவரும் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். மருத்துவர் என் வரைபடத்தைச் சில நொடிகள் பார்த்தார். “இது உதவியாக இருக்கிறது” என்றார். பிறகு கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கேள்விகள் கேட்டார்.

அவை பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளின் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். எதிலும் ஆர்வமின்மை, மனம் தளர்தல், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனச் சிதறல், அசைவில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, வாழ்வதைவிட இல்லாமல் போவதே மேல் என்ற எண்ணம் அல்லது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். இவைதான் ஒன்பது.

இவற்றில் எத்தனையைக் கடிகாரத்தால் தொட முடியும்? தூக்கத்தையும் அசைவையும் ஓரளவு தொடலாம். களைப்பை ஊகிக்கலாம். மீதி ஆறும் ஒருவர் கேட்டு, மற்றொருவர் பதில் சொல்ல வேண்டியவை. ஆப்பிள் நிறுவனம்கூட 2023ல் தன் சுகாதாரச் செயலியில் மனச்சோர்வு மதிப்பீட்டைச் சேர்த்தபோது, மருந்தகங்களில் பயன்படும் கேள்வித்தாள் முறையைத்தான் பின்பற்றியது.

ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றேன். அது உண்மை. ஆனால் சொல்வதற்குச் சில வினாடிகள் ஆயின. மருத்துவர் அதைக் கவனித்தார். அதே கேள்வியை வேறு சொற்களில், மெதுவாக மறுபடியும் கேட்டார். மதிப்பெண் 13 வந்தது. மதிப்பெண்ணைக் கொண்டு மட்டும் அவர் முடிவெடுக்கவில்லை. தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் எடுக்கப்பட்டது. அதன் பிறகு ஆலோசனைச் சிகிச்சை தொடங்கியது.

அந்த எண்கள் யாருக்குச் சொந்தம்?

என் தரவை நானே அப்பாவிடம் காட்டினேன். எப்போது, யாரிடம், எவ்வளவு காட்டுவது என்பதை நான் முடிவு செய்தேன். அதனால்தான் அது எனக்கு உதவியது. அதே தரவு எனக்குத் தெரியாமல் வேறு ஒருவரிடம் போயிருந்தால்?

பெரும்பாலான கடிகாரங்களின் தரவு கைப்பேசி வழியாக நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகிறது. தனிப்பட்ட தரவைச் சேகரிக்க ஒப்புதலும் நோக்கமும் வேண்டும் என்று நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானைப் படிக்காமல் அழுத்துபவர்கள்தாம் நாம். நாளை ஒரு காப்புறுதி நிறுவனமோ முதலாளியோ “கடிகாரம் அணிந்தால் சலுகை” என்று சொல்லும்போது, அடி எண்ணிக்கையோடு மனநலம் பற்றிய ஊகமும் சேர்ந்து போகிறதா என்று கேட்க வேண்டும். மனநல நிலையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பு, 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. உறுதி செய்யப்பட்ட நோய்க்கே பாதுகாப்பு தேவைப்படும்போது, ஐவரில் நால்வருக்குத் தவறாக வரக்கூடிய எச்சரிக்கையை யாரிடமும் எளிதில் ஒப்படைத்துவிடக் கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 15 முதல் 35 வயது வரையிலான இளையர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் மனச்சோர்வு, மனப்பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் இருந்தன. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலரது மணிக்கட்டில் கடிகாரம் இருக்கும்.

உங்கள் கடிகாரத்தில் ஒரு நாள் மோசமான எண் வந்தால் பதற வேண்டாம். உங்களுடைய வழக்கமான நிலையோடு ஒப்பிட்டு, இரண்டு வாரத்துக்கும் மேலாக மாற்றம் நீடிக்கிறதா என்று பாருங்கள். நீடித்தால் நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். எண்கள் நன்றாக இருந்தும் மனம் நன்றாக இல்லை என்றால், மனத்தைத்தான் நம்ப வேண்டும். கடிகாரத்தின் அனுமதி தேவையில்லை. கடிகாரமே இல்லாத நண்பர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினால், சிரிப்புப் படம் மட்டும் அனுப்பினால், நீங்களே போய்க் கேளுங்கள்.

நான் இன்னும் அந்தக் கடிகாரத்தை அணிகிறேன். நடனப் பயிற்சிக்குத் திரும்பிவிட்டேன். ஆலோசகரை மாதம் ஒரு முறை பார்க்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். காலை முறை வாரங்களில் அப்பா இப்போதும் என் கதவருகே நின்று, வெளிச்சம் தெரிந்தால், “தூங்கினியாம்மா?” என்று கேட்பார். சில நாள் “இல்லப்பா” என்பேன். அவர் இன்னொரு குவளை எடுத்து வைத்து, எனக்கும் மைலோ கலக்குவார்.

உதவி தேவைப்பட்டால்:

தேசிய மனநல உதவி எண் (24 மணி நேரமும்): 1771

சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் (24 மணி நேரமும்): 1767

மனநலக் கழகத்தின் மனநல உதவி எண் (24 மணி நேரமும்): 6389 2222

16 முதல் 30 வயது வரையிலான இளையர்கள் ‘சேட்’ சேவையில் இலவச மனநல மதிப்பீட்டுக்குப் பதிவு செய்யலாம்.